அப்பாவின் நெருப்புக்கூடு

அநியாயம் செய்யப்பட்டவர் என் அம்மா செலீனா. செய்தவர் அவருடைய கணவர், கரை அபிவிருத்திச் சங்கத் தலைவர் அமிர்தநாயகம். அதாவது என் அப்பா. அம்மா செய்த பொருளில் அப்பா தன் பெயரைப் பொறித்துக்கொண்டார். நான் கம்பஸில் விவாத அணியில் இருப்பவள். எந்த விடயத்திலும் இரண்டு பக்கமும் பேசுவேன். இந்த விடயத்துக்கு ஒரு பக்கம்தான் இருக்கிறது.

எங்கள் கடற்கரையில் வருகிறவன் போகிறவன் எல்லாம் நெருப்பு மூட்டுவான். போகும்போது தணலை மணலால் மூடிவிட்டுப் போவான். பக்கத்து வீட்டு நசீறா அன்ரி அதில் மிதித்து ஒரு மாதம் நொண்டினார். கரைக்கு நிரந்தரமாக நெருப்புக்கூடுகள் வேண்டும், அதுவும் பார்க்க வடிவாக வேண்டும் என்றார் அம்மா. பால்மா ரின்னின் மூடியில் காசு போடக் கீறிக்கொண்டு, அம்மாவும் அன்ரியும் கோயில் வாசலிலும் பள்ளிவாசல் வீதியிலும் காசு சேர்த்தார்கள். மூன்று கூடு என்பது பேச்சு. ஒன்றுக்குப் போதுமான காசு சேர்ந்ததும் அம்மா வேலையைத் தொடங்கினார். அவர் வெல்டிங் படித்தவர். ஊரில் பாதி இரும்புக் கேற் அவர் ஒட்டியது. புயலில் கரையொதுங்கிய இரும்பு மிதவை ஒன்றில் திருக்கையும் கடற்குதிரையும் கடற்பசுவுமாக வெட்டி எடுத்தார். உள்ளே நெருப்பு எரிந்தால் மணல் முழுக்க அவை நீந்தும்.

திறப்பு விழாவில் பாதருக்கும் மௌலவிக்கும் முன்னால் அப்பா மைக்கைப் பிடித்தார்.

"இது என்ர கனவு. ஒவ்வொரு வெட்டும் என்ர மூளையில உதிச்சது. மனுசி உதவிக்கு நிண்டவ."

தகட்டிலும் அதுதான்: 'ஆக்கம்: அமிர்தநாயகம்.'

"அம்மா, நீங்கள் ஏன் வாய் திறக்கேல்லை?" என்று வீட்டில் கேட்டேன்.

"அடுப்பில கறி கிடக்கு. போய்க் கிளறு."

அது பங்குனி, காற்றில்லாத காலம். வைகாசியில் சோளகக் காற்று எழும்பியது. முதல் நாள், பொழுது மங்கும் மைமலில், கரையில் கூடு நின்ற பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. யாரோ ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கி, பெயரை முடிக்காமல் நிறுத்துவதுபோல இருந்தது. பிறகு மறுபடி முதலிலிருந்து. நாய்கள் கட்டிலுக்குக் கீழே போயின. சாம்பல் சூட்டில் படுக்கிற கழுதைகள் எல்லாம் ரோட்டுக்கு வந்து, கடலுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றன. அசையவில்லை.

முன்வீட்டு றஞ்சிதம் அக்கா பாதி பின்னிய தலையோடு எங்கள் வாசல் படலைக்கு வந்தார்.

"பிறின்சி, அது என்ர மனுசன்ர குரல்."

"அக்கா, அவர் கட்டாரில. நேற்றும் வீடியோக்கோல் எடுத்தவரெல்லோ?"

"அதுதான் பயமாக் கிடக்கு."

ஆதாரம் இல்லாமல் எதையும் ஒப்புக்கொள்ளாத நான் ஜன்னலைச் சாத்தினேன்.

அடுத்த நாள், மற்ற இரண்டு கூடுகளுக்காகச் சுற்றிய ரின்னில் யாரும் காசு போடவில்லை. போட்டவர்கள் திருப்பிக் கேட்டார்கள். "கூட்டின்ர இரும்பு எந்தக் கடலில மிதந்ததோ, ஆர்ர சாவைப் பாத்ததோ," என்றார் நசீறா அன்ரியின் கணவர் ஜுனைதீன். கூட்டைத் திரும்பக் கடலில் தள்ளுவோம் என்று சங்கத்தில் பேச்சு வந்தது. தள்ளினால் மற்ற இரண்டும் இல்லை. அம்மாவின் உழைப்பு முழுவதும் உப்புத்தண்ணிக்குள்.

அப்பா பகலில் போய், வெட்டுகள் எல்லாவற்றுக்குள்ளும் சாக்கை அடைத்துவிட்டு வந்தார். மைமலில் அது பெயர் கூப்பிடவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

அப்பா குசினிக்கு வந்தார்.

"இஞ்சேர், அது ஏன் அப்பிடிக் கத்துது?"

"எது?"

"கூடு."

"உங்கட கூடோ?"

"விளையாடாதை செலீனா. சனம் என்னைத் திண்ணுது."

"எனக்கென்னப்பா தெரியும்? நான் உதவிக்கு நிண்டவ."

மறுநாள் சூரியன் இறங்கும் நேரம் ஊரே கரையில் கூடியது. கயிறும் கொண்டுவந்திருந்தார்கள். சாக்குகள் காற்றில் பறந்துபோய், கூடு மறுபடி பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. யாரும் கிட்டப் போகவில்லை.

"தலைவர், செய்தது நீங்கள். நீங்களே போய் நிப்பாட்டுங்கோ," என்றார் ஜுனைதீன்.

அப்பா ஓரடி வைத்தார். சத்தம் உயர்ந்தது. வைத்த அடியை எடுத்துவிட்டார்.

"நான் செய்யேல்லை," என்றார். "இவள் செலீனா செய்தது. கீறினது, வெட்டினது, ஒட்டினது எல்லாம் இவள்தான். நான் ஒரு ஆணியும் பிடிக்கேல்லை. எதெண்டாலும் இவளைக் கேளுங்கோ."

பாருங்கள் நியாயத்தை. மேடையில் அரை வசனம் கொடுக்க மனம் வராதவர், பழி வந்ததும் முழுச் சான்றிதழும் எழுதிக் கொடுக்கிறார். நான் வாய் திறந்தேன். அம்மா என் தோளில் கை வைத்தார்.

"எல்லாருக்கும் கேட்டதோ?" என்றார்.

"வடிவாக் கேட்டது," என்றார் நசீறா அன்ரி.

அம்மா தனியாகப் போனார். முழங்காலில் இருந்து, மிதவையின் வயிற்றுக்குக் கீழே கையை விட்டு எதையோ திருப்பினார். தொண்டையைப் பிடித்ததுபோலச் சத்தம் நின்றது.

"காத்துப் போற வாய்," என்றார் எழும்பி. "எரியேக்க திறக்கவேணும், அணைஞ்சாப் பூட்டவேணும். திறந்து கிடந்தாச் சோளகம் புகுந்து ஊதும்."

அப்போது கடலுக்குள், மிகத் தூரத்தில், அதே சத்தம் ஒருமுறை கேட்டது. ஊரில் இருப்பது ஒரேயொரு கூடு. அதன்மேல் அம்மாவின் கை இருந்தது. காற்று என்று பாதர் சொன்னார். எல்லாரும் ஓம் என்றார்கள். நசீறா அன்ரி ரின்னைக் கொண்டு சுற்றிவந்தார். காசு போட ஒருவரும் யோசிக்கவில்லை.

தகட்டை நாளைக்கே மாற்றுவதாகச் சங்கம் முடிவெடுத்தது. வீட்டுக்கு நடக்கும்போது அப்பா வாயைத் திறந்தார்.

"ஒரு மூடியைத் திருப்பிற வேலை. அதை எனக்கு முதலே சொல்லியிருக்கலாமெல்லோ?"

அம்மா திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"செய்தவருக்குத் தெரியுமெண்டு இருந்திட்டன்."