ஊதினால் உள்ளே இறங்கும் க்ரீம்

அன்று காலை மண்டப வாசலில் தொடங்கிய வரிசை பேருந்து நிலையத்தைத் தாண்டி, பக்கத்து ஊருக்குள்ளும் கொஞ்சம் போயிருந்தது. எல்லார் கையிலும் வீட்டில் குழைத்த க்ரீம் டப்பா. உள்ளே ஊதல் சாமி. செப்புக் குழலால் அவர் ஒருமுறை ஊதிவிட்டால், எந்த க்ரீமும் தோலைத் துளைத்து எலும்பு வரை இறங்குமாம். எலும்புக்கு எதற்கு முகப்பொலிவு என்று ஒருவரும் கேட்கவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் மச்சினிக்குத் துணையாக என்னை அனுப்பியிருந்தார்கள். அவள் பன்னிரண்டு வருடமாக அடுப்படியில் க்ரீம் காய்ச்சுகிறவள். தடவினால் மேலேயே பிசுபிசுவென்று நிற்கிறது என்று வாடிக்கைக்காரிகள் ஒவ்வொருத்தியாகக் கழன்றுகொண்டிருந்தார்கள்.

சாமி காசைத் தொடமாட்டார். செய்முறை எழுதிய நோட்டை மட்டும் காணிக்கையாகக் கேட்பார். மேசையில் ஏற்கெனவே நாற்பது நோட்டு. அவர் படம் போட்டுக் கடைகளில் விற்கும் நாற்பது க்ரீம்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம்.

மச்சினியின் க்ரீமில் ஒரு துளி எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். குழலிலிருந்து தீர்த்தம் விட்டு நீர்க்கக் கலக்கினார். ஊதினார். அவள் புறங்கையில் தடவினார். சில்லென்றது, மூன்று எண்ணுவதற்குள் காணோம். கூட்டம் அழுத கண்ணீரில் செருப்புகள் மிதந்தன. மச்சினி நோட்டை நீட்டிவிட்டாள். சாமியின் கை அதன்மேல் விழுந்தது.

ஜன்னலுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த பெயிண்டர் எதையோ மோப்பம் பிடித்தபடி ஏணியிலிருந்து இறங்கினார். கிண்ணத்தில் மிச்சமிருந்ததை விரலால் வழித்து ஜன்னல் கண்ணாடியில் தேய்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அங்கேயும் காணோம்.

"சாமி, கண்ணாடியும் குடிச்சிடுச்சே. இதுக்கு எத்தனை தோலு?"

"எல்லாத்துக்கும் ஜீவன் உண்டுப்பா."

"இருக்கட்டும். அந்தப் பக்கமா வந்திருக்கான்னு பாத்துட்டு வாங்க."

முந்நூறு பேர் வெளியே ஓடிப் பார்த்தார்கள். தூசிதான் இருந்தது.

"ஸ்பிரிட்டு, காத்துல பறக்குது, அவ்வளவுதான்," என்றார் பெயிண்டர். "நானும் தினம் பெயிண்டுல இதைத்தான் கலக்குறேன். ஒருத்தரும் என் கால்ல விழலை."

மச்சினி சாமியைப் பார்த்தாள். "கையை எடுங்க. அது என் நோட்டு."

ஆளாளுக்குத் தங்கள் நோட்டைப் பிடுங்கிக்கொள்ள, அடுத்த நிமிடம் மேசை காலி. சாமி மட்டும் தங்கினார், போலீஸ் வரும்வரை.

வீட்டுக்கு வந்ததும் மச்சினி நாலு பேர் கையில் தடவிப் பார்த்தாள்: காய்ந்த தோலில் ஒருமுறை, கழுவிய ஈரத்தோடு ஒருமுறை. ஈரத்தில் கொஞ்சமாகத் தடவியது பிசுக்கில்லாமல் படிந்தது. டப்பாக்களில் அதையே எழுதி ஒட்டினாள். பழைய முகங்கள் திரும்ப வருகின்றன.

அதே மண்டபத்தில் வரும் வாரம், வழுக்கையில் முடி முளைக்கவைக்கும் மோதிரம் தருகிறார்களாம். தாராளமாகப் போங்கள். தலைக்கு வெளியே ஒன்றும் இல்லாவிட்டால் குற்றமில்லை; உள்ளே இருப்பதை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.