அவர் பார்த்த கடைசிக் காட்சி

இந்தக் கதையில் ஓரிடத்தில் நீங்கள் கண்டிப்பாகச் சிரிப்பீர்கள். இப்போது இல்லை. இப்போது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். முகத்தில் சோகம். மாடிப்படியில் ஒத்திகை பார்த்து ஒட்டிக்கொண்ட சோகம். கொஞ்சம் பொறுங்கள்.

அடுத்த ஞாயிறு கேரம் இறுதிப் போட்டி. பதினோரு வருஷத்தில் இப்போதுதான் அதுவரை வந்திருக்கிறார். அனுமதி தர மனைவி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. இந்த ஞாயிறு, நூலக அரங்கில், மூன்று மணிக் காட்சிக்குப் போய், அவள் தம்பி எடுத்த படத்தை முழுசாகப் பார்க்க வேண்டும். சின்னப் படம். யாருமே சேர்த்துக்கொள்ளாத ஒரு பெண்ணும் ஒரு பையனும் சிநேகிதர்களாகிறார்கள். சண்டை இல்லை, பாட்டு இல்லை. நம்மாள் படத்துக்கு அச்சடித்த நோட்டீஸை மனப்பாடம் செய்துவிட்டு நேரே கேரம் பலகைக்குப் போய்விட்டார்.

மனைவிக்கு வீட்டுச் சாமான் கம்பெனி ஒன்றின் புகார் பிரிவில் தொலைபேசி வேலை. பேசுகிறவர் முடிக்கும்வரை குறுக்கே பேசக்கூடாது, "அப்புறம்?" என்று மட்டும் கேட்கலாம் என்பது அங்கே விதி. சலவை இயந்திரம் ஓடவில்லை என்று கூப்பிட்ட ஒருவர், அவளுடைய நாலாவது "அப்புறம்?"இல், தான்தான் அதை எட்டி உதைத்ததாக ஒப்புக்கொண்டார்.

"படம் எப்படிங்க?"

"என்னத்தச் சொல்ல. நெஞ்சே கனத்துப் போச்சு."

"அப்புறம்?"

"அந்தப் பொண்ணு சலவைக் கடை வாசல்ல தனியா உக்காந்திருக்கா. பையன் வந்து பக்கத்துல உக்கார்றான். ஒரு வார்த்தை பேசல."

இது நோட்டீஸில் இருந்த புகைப்படம்.

"அப்புறம்?"

"அப்புறம் பேசறாங்க."

நோட்டீஸ் தீர்ந்துவிட்டது.

"கூட்டம் இருந்துச்சா?"

"கூட்டமா? நின்னுக்கிட்டே பார்த்தேன்."

"அடப் பாவமே. முடிவு எப்படி?"

கடைக்காரர் கண்ணை மூடினார். கேரம் காய்கள்தான் தெரிந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு ஆரம்பித்தார்.

"பொண்ணு ஊரை விட்டுப் போறா. பையன் பஸ் பின்னாலயே ஓடி வர்றான். அவளுக்குத் தெரியாது. டிரைவர் கண்ணாடியில பார்க்கிறார். நிறுத்தல. வேகத்தை மட்டும் குறைக்கிறார். பையன் ஜன்னலுக்கு நேரா வந்துடறான். அவ திரும்பறா. ரெண்டு பேரும் பேசல. பஸ் உருளுது, அவன் கூடவே நடக்கிறான். அவ்வளவுதான்."

குரல் உடைந்தது. இது ஒத்திகையில் இல்லாதது. தான் பெற்ற பொய்க்குத் தானே அழுத முதல் புருஷன் அவராகத்தான் இருக்கும்.

மனைவி உள்ளறைப் பக்கம் திரும்பினாள். "தம்பி, எழுதிக்கிட்டியா?"

மச்சினன் நோட்டும் கையுமாக வந்தான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

"எழுதிட்டேன்க்கா. மாமா, மூணு மாசமா முடிவு கிடைக்காமத் தவிச்சேன். ஷூட் பண்ணி வச்ச முடிவு பிடிக்கல. காலையிலயே காட்சியை ரத்து பண்ணிட்டேன். அரங்கத்தையே திறக்கல."

கடைக்காரர் பார்வை வாசலில் கழற்றிய செருப்புக்குப் போனது.

"எப்படா எடுக்கப் போற?" என்றாள் அக்கா.

"பஸ் அடுத்த ஞாயித்துக்கிழமைதான் கிடைக்கும். காலையில ஆரம்பிச்சா பொழுது சாயற வரைக்கும் ஆகும். டிரைவர் வேஷத்துக்குத்தான் ஆள் இல்ல."

"அடுத்த ஞாயித்துக்கிழமையா?" என்றார் கடைக்காரர். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"மாமாவையே போடு," என்றாள் மனைவி. "படத்தை முழுசாப் பார்த்த ஒரே ஆள் அவர்தானே."