கோள்சொல்லிப் பெட்டி

"பாத்ரூம் கதவு வெகு நேரமாக மூடியே இருக்கிறது" என்று கைப்பேசி சிணுங்கியபோது, மருமகள் மருந்துக்கடையில் ஒருவருக்கு இருமல் மருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இதைச் சாப்பாட்டுக்கு முன்னாடி குடிக்கணுமா, பின்னாடியா?"

"பாத்ரூமுக்குப் பின்னாடி" என்று சொல்லிவிட்டு, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்கு ஓடினாள்.

மாமனாருக்குப் போன மாதம்தான் சர்க்கரை ஏறி மயக்கம் வந்திருந்தது. கணவனுக்குக் கப்பலில் வேலை. பாதி வருடம் கடலில். கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருந்தவளை, "நீ போய்ப் படிம்மா, பிள்ளையை நான் பார்த்துக்கறேன்" என்று மருந்தியல் படிக்க அனுப்பியவர் மாமனார்தான். அந்தக் குழந்தை வளர்ந்து வெளியூர் விடுதிக்குப் படிக்கப் போய்விட்டது. இப்போது பகல் முழுக்க அவர் வீட்டில் தனியாக இருக்கிறார் என்ற நினைப்பே அவளுக்குத் தொண்டையில் சிக்கிய மாத்திரை மாதிரி இருந்தது.

அதனால்தான் அந்தப் பெட்டியை வாங்கினாள். உள்ளே தீப்பெட்டி அளவில் சின்னச் சின்ன சென்சார்கள். பொத்தான் பேட்டரி ஒன்று போட்டால் வருடக்கணக்கில் ஓடும். கதவு திறந்தால், மூடினால், ஆள் நடந்தால், காதோடு காதாகக் கிசுகிசுக்கும். அது ஹாலில் வைத்த பெரிய பெட்டியின் காதில் விழுந்து, அங்கிருந்து அவளுடைய கைப்பேசிக்கு வந்துவிடும். கூட வந்த தாளில் சொன்ன வரிசைப்படி ஒவ்வொன்றாகப் பொத்தானை அழுத்தி, பாத்ரூம் கதவு, ஃப்ரிட்ஜ் கதவு, ஹால் சுவர் என்று சொன்ன இடங்களில் ஒட்டினாள். மாமனார் அதற்கு வைத்த பெயர் கோள்சொல்லி.

மூச்சிரைக்க வீட்டுக்குள் நுழைந்தால், கோள் சொல்லப்பட்டவர் ஹாலில் கால்மேல் கால் போட்டுக் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பாத்ரூம் கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

"என்னம்மா, கோட்டோட வந்துட்ட? கடையில தீப்பிடிச்சிருச்சா?"

"நீங்க பாத்ரூம்ல மயங்கிட்டீங்கன்னு நினைச்சேன், மாமா."

"நான் அந்தப் பக்கம் போயே ரெண்டு மணி நேரம் ஆச்சு. உன் கோள்சொல்லி பொய்யும் சொல்லும் போல."

பெட்டி விற்ற கம்பெனிக்கு ஃபோன் செய்தாள். சுவர் கனமாக இருந்தால் கிசுகிசுப்பு சரியாக எட்டாது, நடுவில் வாங்கிக் கடத்த ஆள் வேண்டும் என்றார்கள். ஆள் என்றால் ஆள் இல்லை. கரண்டில் செருகும் ஒரு பிளக். ஒரு காதில் வாங்கியதை அடுத்த காதுக்கு ஓதுவதுதான் அதன் வேலை. ஹாலில் ஒன்று, நடையில் ஒன்று செருகினாள்.

"ஒரு கோள்சொல்லி பத்தாதுன்னு ஊதிவிட ரெண்டு ஆளா?" என்றார் மாமனார்.

பிளக் வந்த பிறகு பெட்டிக்கு நன்றாகவே காது கேட்டது. நன்றாகக் கேட்டதுதான் வினையாகப் போயிற்று.

மறுநாள் காலை மாமனார் பூங்காவிலிருந்து ஃபோன் செய்தார். "நடந்துட்டேன்மா. கொஞ்சம் உட்கார்ந்துட்டு வீட்டுக்குக் கிளம்பறேன்." அவர் வைத்த மறுநொடி கைப்பேசி சிணுங்கியது. ஹாலில் ஆள் நடமாட்டம்.

பூட்டிய வீட்டுக்குள் நடமாட்டமா? அவசரச் சாவியை வைத்திருந்த குடியிருப்பு வாட்ச்மேனைக் கூப்பிட்டாள். அவர் தடியோடு பூனை நடை நடந்து உள்ளே போனார். அதே நேரம் திரும்பி வந்த மாமனார், வாசல் கதவு திறந்திருப்பதைப் பார்த்தார். உள்ளே தடியின் நிழல் ஆடுவதைப் பார்த்தார். சத்தமில்லாமல் கதவைச் சாத்தி வெளியே பூட்டிவிட்டு, "திருடன்! திருடன்!" என்று கத்தினார்.

உள்ளேயிருந்து வாட்ச்மேனும் "திருடன்! திருடன்!" என்று கத்தினார். யார் யாரைச் சொல்கிறார்கள் என்று தெரியாமல் மொத்தக் குடியிருப்பும் கூடிவிட்டது. மருமகள் ஆட்டோவில் வந்து இறங்கி, இருவரிடமும் மன்னிப்புக் கேட்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"நாளைக்கு நான் திருடனாயிட்டேன்னு உன் பெட்டி சொன்னா, அதையும் நம்புவியா?" என்றார் மாமனார்.

அவள் விடவில்லை. சோதித்துப் பார்க்கலாம் என்று கடையிலிருந்து ஃபோன் போட்டாள்.

"மாமா, ஹால் சுவருக்கு நேரா நின்னு கையை ஆட்டுங்க."

"ஆட்டறேன்."

"இங்க ஒண்ணும் வரலையே. நல்லா ஆட்டுங்க."

"காலையும் சேர்த்து ஆட்டறேன்மா. எதிர் வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்திக்கிட்டாங்க."

அப்போதும் ஒன்றும் வரவில்லை. பேட்டரியை மாற்றினாள். எச்சரிக்கை ஒலியைச் சைரனாக மாற்றினாள். அதன் பிறகு கடையில் அது அலறும்போதெல்லாம் வாடிக்கையாளர்கள் சீட்டைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்கள். முதலாளி அவளைப் பார்த்த பார்வையில் வேலைநீக்கக் கடிதமே அச்சாகியிருந்தது.

கடைசியில் ஒரு நாள் சைரன் ஓயவே இல்லை. பாத்ரூம் கதவு காலையிலிருந்து திறக்கவில்லையாம். மாமனாருக்கு ஃபோன் செய்தாள்.

"நல்லா இருக்கீங்களா மாமா?"

"எங்கம்மா நல்லா இருக்கறது! மாடிக்காரர் விடிஞ்சதுலேர்ந்து டொக்கு டொக்குன்னு தட்டி உயிரை வாங்கறார். நானும் விடல. துடைப்பக் கட்டையால கூரையைத் தட்டிக்கிட்டே இருக்கேன்."

மாடிக்காரருக்கும் மாமனாருக்கும் ஆகாது. மேல்வீட்டு ஈரத்துணி கீழ்வீட்டுக் காய்ந்த துணிமேல் சொட்டுவதில் தொடங்கிய பகை அது.

"சண்டை கிடக்கட்டும் மாமா. பாத்ரூம் கதவுல இருக்கற சென்சாரை ஒரு தடவை பாருங்களேன்."

"அதை எங்க போய்ப் பார்க்கறது? நேத்தே பிச்சு எடுத்து, பேட்டரியைக் கழட்டிட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன்."

"கழட்டிட்டீங்களா? என் ஃபோன்ல இன்னும் கத்திக்கிட்டே இருக்கே!"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குப் பொறி தட்டியது. மாடிக்காரரின் மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது, "அக்கா, எங்க அப்பாவும் தனியாத்தான் இருக்கார். நானும் இதே பெட்டி வாங்கிட்டேன்" என்று காட்டினாளே! ஒரே நாளில், ஒரே நேரத்தில், இவள் கீழேயும் அவள் மேலேயும் அதே வரிசையில் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்தார்கள். மேல்வீட்டுச் சென்சார்கள் எல்லாம் கீழ்வீட்டுப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டுவிட்டன.

"மாமா, கூரையைத் தட்டாதீங்க! மேல ஓடுங்க! அவர் சண்டைக்குத் தட்டல, உள்ள மாட்டிக்கிட்டுத் தட்டறார்!"

அவள் போய்ச் சேர்வதற்குள் மாமனாரும் வாட்ச்மேனும் கதவுகளை உடைத்திருந்தார்கள். தாழ்ப்பாள் முறிந்து உள்ளேயே சிக்கிக்கொண்ட மாடிக்காரர், தரையைத் தட்டிய குவளையும் கையுமாகத் துவண்டு உட்கார்ந்திருந்தார். மாமனார் அவரைத் தோளில் சாய்த்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்து, தன் துண்டாலேயே முகத்தைத் துடைத்துவிட்டார். மருமகள் நாடி பார்த்தாள், ரத்த அழுத்தம் பார்த்தாள், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை அளவாகக் குடிக்க வைத்தாள். நல்லவேளை, களைப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

மாடிக்காரர் மாமனாரின் கையைப் பற்றிக்கொண்டார். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நான் தட்டத் தட்ட நீங்க கீழேயிருந்து பதில் தட்டிக்கிட்டே இருந்தீங்க பாருங்க... அந்தச் சத்தம்தான் எனக்குத் தைரியம். நமக்கு ஒரு ஆள் இருக்கார், எப்படியும் வந்துருவார்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்."

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அதுக்கென்னங்க... அக்கம்பக்கம்னா அதுதானே" என்றார். தட்டும்போது என்னென்ன திட்டினார் என்பதை அவர் கடைசிவரை சொல்லவில்லை. பகை அந்த நாற்காலியருகிலேயே கரைந்து போயிற்று.

மருமகள் மேல்வீட்டு பாத்ரூம் கதவு நிலையில் ஒட்டியிருந்த அந்தத் தீப்பெட்டி அளவுச் சென்சாரைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு மாதமாக அவளைப் பைத்தியக்காரியாக்கிய பொருள்தான். ஆனாலும் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

வெளிநாட்டிலிருந்த மாடிக்காரரின் மகளை வீடியோவில் கூப்பிட்டு, நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். மேல்வீட்டுச் சேதி கீழ்வீட்டுக்கு வந்ததையும், அப்படியானால் கீழ்வீட்டுச் சேதி மேல்வீட்டுக்குத்தான் போயிருக்கும் என்பதையும் விளக்கினாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் மகள் தேம்பித் தேம்பி அழுதாள். அக்காவுக்கும் பெரியவருக்கும் கைகூப்பினாள். மாமனார் கூச்சத்தோடு தலையாட்டினார்.

அழுகைக்கு நடுவே மகள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அக்கா, ஒரு நிமிஷம்... அப்படின்னா தினமும் மத்தியானம் ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து, டாக்டர் வேண்டாம்னு சொன்ன ஐஸ்கிரீமை எடுத்தது எங்க அப்பா இல்லையா? சத்தியம் பண்ணியும் நம்பாம, நான் ஒரு மாசமா அவர்கூடப் பேசாமலே இருந்துட்டேனே!"