லஸ்கர் பிராசஸர் மாற்றிய கதை

எந்த முடிவும் எடுக்காமல் ஒரு மனிதன் நிம்மதியாக வாழ முடியும் என்று பேராவூரணியில் நிரூபித்தவன் லஸ்கர் ஒருவன்தான். தன் கம்ப்யூட்டரின் பிராசஸரை மாற்றலாமா வேண்டாமா என்று ஆறு வருஷம் யோசித்தான். காவிரி வழக்கில்கூட அதற்குள் ஒரு தீர்ப்பு வந்துவிட்டது. இவனிடமிருந்து வரவில்லை.

லஸ்கர் என்பது அவன் பெயரில்லை, அவன் அப்பாவின் உத்தியோகம். வாய்க்கால் மதகில் ஷட்டரை ஏற்றி இறக்கும் ஊழியருக்கு எங்கள் பக்கம் லஸ்கர் என்று பெயர். அப்பா ரிடையரானதும் பட்டம் மகனுக்கு வந்தது. மகன் ஒரு குழாயைக்கூட ஒழுங்காக மூடியவன் இல்லை. தேங்காய் மண்டிக்கு எதிரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான்.

கடையின் பின்பக்கம், தடுப்புக்கு மறைவில் அவனுடைய கேமிங் கம்ப்யூட்டர் இருந்தது. வாங்கிய புதிதில் ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. நான் சொல்வது அதற்கு வயதான காலம். பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்குள் திருப்பி வைத்திருப்பான். ஊரைச் சுற்றிலும் கயிறு மில்கள். உள்ளே சேர்ந்த தேங்காய் நாரை வழித்தெடுத்தால் மாடு கட்ட ஒரு கயிறு திரிக்கலாம்.

என்னிடம் ஒரு லேப்டாப் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து அண்ணன் கொடுத்தனுப்பியது. அதையும் அவனுடைய கம்ப்யூட்டரையும் ஒரு ஒயரில் கோத்து, ஆளைத் தேடிச் சுடும் ஆட்டம் ஒன்றைத் தினமும் சாயங்காலம் ஆடுவோம். அவன் மெஷின் திணறும். படம் அப்படியே நின்றுவிடும்.

"சுட்டுட்டேன்டா."

"எங்கடா சுட்ட? நான் உசுரோடதான நிக்கிறேன்?"

கொஞ்ச நேரம் கழித்துப் படம் நகரும்.

"ஆமாடா, செத்துட்டேன்" என்பான். செத்த சேதி செத்தவனுக்கே தாமதமாக வந்து சேருகிற ஒரே கம்ப்யூட்டர் அதுதான். அதிலும் அவனுக்கு வருத்தம் கிடையாது. "நம்ம ஊரு கடைமடைடா. தண்ணியே எல்லாருக்கும் போயிட்டுத்தான் நமக்கு வருது. சாவு மட்டும் உடனே வந்துடுமா?"

பிராசஸரை மாற்றித் தொலை என்று அப்போதே ஆரம்பித்தேன்.

"மாத்தலாம். ஆனா பிராசஸர்ங்கறது தலைமதகு மாதிரி. மதகை மட்டும் அகலமாக்கினா வாய்க்கா தாங்குமா? அப்ப போர்டை மாத்தணும். போர்டை மாத்தினா ரேமை மாத்தணும். அப்புறம் இந்தப் பக்கம் படம் காட்டுற கார்டு இருக்கு, அதுதான் வயலு. இவ்வளவு தண்ணியை அது குடிக்குமா? யோசிப்போம்."

இந்த 'யோசிப்போம்' என்ற சொல்லைக் கேட்டால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. செய்ய மாட்டேன் என்று சொல்லத் தைரியம் இல்லாதவன் கண்டுபிடித்த சொல் அது.

மாற்றாமல் சமாளிக்க அவன் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அதை எங்கள் ஊர்க்காரனைத் தவிர எவனும் யோசித்திருக்க மாட்டான். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் வாய்க்கால்களுக்கு முறை வைத்து விடுவார்கள். இன்றைக்கு இந்த வாய்க்கால், நாளைக்கு அந்த வாய்க்கால். லஸ்கர் கம்ப்யூட்டருக்கும் முறை வைத்தான். கடையின் ஒரே பிரிண்டர் அந்த மெஷினோடுதான் இணைந்திருந்தது. பிரிண்டர் ஓடினால் ஆட்டம் திக்கும். ஆகவே ஆட்டம் ஓடும்போது பிரிண்டர் ஓடாது.

மகளின் ஹால் டிக்கெட்டை பிரிண்ட் எடுக்க ஒரு அம்மா வந்தார்.

"அக்கா, இப்ப கேமுக்கு முறை. கொஞ்சம் பொறுங்க, உங்க முறை வரும்."

"என்னடா முறை? நாளைக்குப் பரீட்சை!"

"இருக்கறதே கொஞ்சம் தண்ணிக்கா. எல்லாருக்கும் ஒரே நேரத்துல தொறந்தா யாருக்கும் பாயாது."

"நான் என்ன உங்கிட்ட நாத்து நடவா வந்தேன்?" என்றவர் டேபிள் ஃபேனின் பிளக்கைப் பிடுங்கினார். மெஷின் சூடேறி, ஒரு கூவல் கூவி, படுத்துவிட்டது. அன்றைக்கு யாருக்குமே பாயவில்லை. அந்த அம்மா பட்டுக்கோட்டைக்கு பஸ் ஏறினார். போகும்போது எங்கள் இரண்டு பேருடைய பரம்பரையையும் சேர்த்துத் திட்டினார். நான் என்ன செய்தேன்?

வருஷத்துக்கு இரண்டு தடவையாவது என்னை இழுத்துக்கொண்டு தஞ்சாவூருக்குப் போவான். அங்கே கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருந்த பாய் துபாயில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். பொறுமைசாலி. பிராசஸரை டப்பாவிலிருந்து எடுத்துக் காட்டுவார். லஸ்கர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான்.

"பாய், இதைப் போட்டா சூடு ஏறுமா?"

"ஏறும்."

"கரண்ட் இழுக்குமா?"

"இழுக்கும்."

"அடுத்த மாசம் புதுசு வருதாமே?"

"வரும். அதுக்கு அடுத்த மாசமும் வரும். தம்பி, பொண்ணு பாக்க வர்ற மாதிரி வர்றீங்க, டீ குடிக்கிறீங்க, ஊருக்குப் போயி தகவல் சொல்றோம்னு கிளம்பிடுறீங்க. இந்தப் பொண்ணுக்கு வயசாயிடுச்சு. கம்பெனிக்காரனே இதைச் செய்யறத நிறுத்திட்டான்."

"அப்ப வேணாம் பாய். கம்பெனிக்காரனே கைவிட்டதை நாம எதுக்கு எடுக்கணும்?"

பாய் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன். டீ நன்றாக இருந்தது.

இப்படியே போயிருக்கும். அதற்குள் எனக்குக் கத்தாரில் ஏ.சி. மெக்கானிக் வேலைக்கு விசா வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கும் அவனுக்கும் சும்மா உட்கார்ந்தால் பேச வராது. டீக்கடையில் உட்கார்ந்தால் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்துபோவோம். ஆட்டம் ஓடினால்தான் வாய் திறக்கும். அவன் அப்பா படுக்கையில் விழுந்ததை, ஒரு சுவருக்குப் பின்னால் பதுங்கியிருந்தபோதுதான் சொன்னான். எனக்கு மயிலாடுதுறையில் பெண் கொடுக்க மாட்டேன் என்றதை, துப்பாக்கியில் குண்டு நிரப்பிக்கொண்டே நான் சொன்னேன். நல்லது கெட்டது எல்லாம் அப்படித்தான் பேசியிருக்கிறோம். ஆட்டம் இல்லையென்றால் எங்களுக்குள் ஒன்றும் இல்லை. இது இரண்டு பேருக்கும் தெரியும். சொல்லிக்கொண்டதில்லை.

கடல் தாண்டி ஒயர் இழுக்க முடியாது. இன்டர்நெட்டில் ஆடுகிற புது ஆட்டம் வேண்டும். அது அவனுடைய கிழட்டு மெஷினில் திறக்கக்கூடத் திறக்காது. என் லேப்டாப்பில் திறக்கும்; அதில் என் பெயர் என்னவென்றும் அவனிடம் சொல்லி வைத்திருந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கேட்டேன். "நான் போறேன்டா. இப்பவாவது மாத்துவியா?"

"யோசிப்போம்டா."

"யோசி. நீ நல்லா யோசி. நான் திரும்பி வர்றப்ப எனக்குப் பல்லு இருக்காது, அப்பவும் நீ யோசிச்சுக்கிட்டு இரு!" என்று கத்தினேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் என் பையைத் தூக்கி மேலே வைத்துவிட்டு இறங்கிக்கொண்டான்.

கத்தாரிலிருந்து ஃபோன் போட்டால் நான் நினைத்த மாதிரியேதான் இருந்தது.

"சாப்பிட்டியா?"

"ம். நீ?"

"ம். அங்க வெயிலா?"

"வெயிலுதான். அங்க தண்ணி வந்துடுச்சா?"

"இன்னும் வரலை."

அப்புறம் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம். கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. ரூமில் மற்றவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு பேசுவார்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை லீவில், புது ஆட்டத்தைத் திறந்து எவனோ முகம் தெரியாதவர்களைச் சுட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே ஒருவன் வந்து எனக்கு முன்னால் நின்றான். சுடவில்லை, ஓடவில்லை. பெயரைப் பார்த்தேன். லஸ்கர்.

ஹெட்போனை மாட்டினேன். "எப்படிடா?"

"மாத்திட்டேன். மதகு, வாய்க்கா எல்லாம் புதுசு."

"யோசிச்சியா?"

"இல்ல. பாயும் அதைத்தான் கேட்டாரு. 'என்ன தம்பி, யோசிச்சாச்சா?'ன்னாரு. யோசிக்கல பாய், எடுத்துக் குடுங்கன்னேன். அவருக்கு நம்பிக்கை வரலை. ரெண்டு டீ சொல்லிட்டாரு."

குறி பார்த்தேன். அவனைச் சுட்டேன்.

"செத்துட்டேன்" என்றான். உடனே சொன்னான். சேதி இப்போது தாமதமில்லாமல் வந்தது. ஆனால் அதன் பிறகும் அவன் செத்துக்கொண்டேதான் இருந்தான். கோளாறு பிராசஸரில் இல்லை, அவனுக்கு ஆடவே தெரியாது. இத்தனை வருஷமாக அதை அந்தக் கிழட்டு மெஷின் மறைத்து வைத்திருந்திருக்கிறது.

அவனுக்கு அது புரியவில்லை. ஒரு சுவருக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு கேட்டான். "மதகு பெருசாயிடுச்சுல்ல? இப்ப கார்டுதான்டா சின்னதாத் தெரியுது. அதையும் மாத்தலாமா, வேண்டாமா?"

வேண்டாம் என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மாற்று என்றாலும் முடிந்துவிடும்.

"அவசரமில்லடா" என்றேன். "யோசிப்போம்."