ஆறாவது மாடியில் ஒரு பூட்டு

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கு யாவரும் நலம். நீங்களும் நலமென்றே நம்புகிறேன். இல்லையென்றால் முதலில் உடம்பைக் கவனித்துக்கொண்டு, பிறகு இதைப் படியுங்கள்.

உங்கள் அக்கா மகளை, அதாவது என் பிள்ளையை, எலக்ட்ரீஷியன் வேலையிலிருந்து உடனே நிறுத்திவிடுங்கள். நீங்கள் மேற்பார்க்கும் கட்டடத்துக்கு ஒயர் இழுக்கச் சேர்த்துவிட்டவர் நீங்கள், வீட்டுக்கு அனுப்ப வேண்டியவரும் நீங்களே. நான் சுவிட்சையே மரக்கரண்டியால் தட்டுகிற ஆள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. போன ஞாயிற்றுக்கிழமை, கூடத்துச் சுவிட்சை மாற்றுகிறேன் என்று மெயினை அணைத்து, அதில் சிவப்புப் பூட்டு ஒன்றை மாட்டி, ‘தொடாதே, ஆள் வேலை செய்கிறார்’ என்று தன் பெயரெழுதிய அட்டையையும் தொங்கவிட்டு, சாவியோடு ஸ்க்ரூ வாங்கக் கடைக்குப் போய்விட்டாள். மிக்ஸி நின்றது, மோட்டார் நின்றது, தலையெல்லாம் சோப்போடு நானும் நின்றேன். “சாவியை வச்சிட்டுப் போயிருக்கலாமேம்மா?” என்று கேட்டால், “பூட்டுனவங்கதான்பா திறக்கணும். சாவி என் பையில இருக்கற வரைக்கும்தான் என் உயிரு என் கையில” என்கிறாள். அன்றைக்குப் போன தூக்கம்தான், இன்னும் வரவில்லை.

முந்தாநாள் அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்க வந்தேனல்லவா? ஆறு மாடி மூச்சிரைக்க ஏறிப் பார்த்தால், பிள்ளை ஏணி உச்சியில், இரண்டு கையும் கூரைக்குள்ளே. முகம் தெரியவில்லை, பூட்ஸ் மட்டும் தெரிந்தது. பக்கத்து அறையில், அந்த மாடிக்கான மெயின் சுவிட்சில் ஒரே ஒரு பூட்டு! வீட்டு வாசலுக்கே நாம் இரண்டு போடுகிறோம், மைத்துனரே. அது கழன்றுகொண்டால்? எவனாவது இழுத்துப் பார்த்தால்? அவள் ஊஞ்சலில் ஏறினாலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். பயமாக இருக்கிறது, வேறென்ன சொல்ல. போதாக்குறைக்கு, ஊர் பேர் தெரியாத எவனோ அதே சுவிட்சில் இன்னொரு பூட்டைப் போட்டுவிட்டுப் போய், நேற்று முழுக்க மாடியில் கரண்ட் இல்லாமல், நீங்கள் ஆள் ஆளாகப் பை சோதித்தீர்களாமே? இப்படிப் பொறுப்பில்லாதவர்கள் நடமாடுகிற இடத்தில் பெற்ற பிள்ளையை எப்படி விடுவது?

அக்காவின் விசாரிப்புகளோடும், குழந்தைகளுக்கு என் ஆசிகளோடும்,
இப்படிக்கு,
உங்கள் அத்தான்.

பி.கு.: இதை உறையில் போடும்போது பிள்ளை வந்து வெற்று அட்டை ஒன்றை என் முன்னால் வைத்தாள். “பூட்டுப் போட்டா அட்டையும் மாட்டணும்பா. அந்த ரெண்டாவது பூட்டு நம்ம பின்கதவுப் பூட்டுன்னு பார்த்ததுமே தெரிஞ்சுது. மாமாகிட்ட இன்னும் சொல்லலை” என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அவள் சாப்பாட்டை மறக்கவில்லை, நான்தான் ஒளித்துவைத்தேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். அவளை நிறுத்த வேண்டாம், பூட்டையும் வெட்ட வேண்டாம். இதை இன்றிரவே பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறேன்; நாளைக் காலை சாவியோடு நானும் வருகிறேன். அவள் தரையில் நிற்பதைக் கண்ணால் பார்த்தபின் திறக்கிறேன். அட்டையையும் எழுதிவிட்டேன். பெயர்: அப்பா. காரணம்: என் மகள் வேலை செய்கிறாள்.