வேகக் கேமராவை வென்ற வரலாறு

பாசத்திற்கும் மதிப்பிற்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையும் சௌக்கியம். எங்கள் கார் அதைவிடச் சௌக்கியம். அங்கே உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் பரவாயில்லை, இந்தக் கடிதத்தை உட்கார்ந்தே படிக்கலாம்.

போன வருடம் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், அத்தனை பேர் முன்னால், நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? நான் வேகமாகப் போனதற்கு அடுத்தடுத்து இரண்டு நோட்டீஸ் வந்திருந்த நேரம். "இன்னொன்னு வந்தா லைசென்ஸைப் புடுங்கிடுவாங்க மாப்ளே. பேசாம சாவியை என் தங்கச்சிகிட்ட குடுத்துட்டுப் பக்கத்துல உட்காருங்க" என்றீர்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, இன்னொரு நோட்டீஸ் வந்தால் ஸ்டியரிங்கையே தொட மாட்டேன் என்று சபதம் போட்டேன். இன்றோடு வருடம் ஒன்று ஓடிவிட்டது மச்சான். நோட்டீஸ் என்று ஒரு துண்டுக் காகிதம் வரவில்லை. இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எப்படி என்று கேட்பீர்கள். வேகக் கேமரா எங்கெங்கே இருக்கிறது என்று ஊர் உலகமே சேர்ந்து எழுதிவைக்கிற பொதுத் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. யாரும் பார்க்கலாம், யாரும் சேர்க்கலாம். அதைப் போனில் இறக்கிக்கொண்டால், கேமரா நெருங்கும்போது ஒரு பெண் குரல் "முன்னால் கேமரா, வேகத்தைக் குறைக்கவும்" என்று சொல்லும். சொன்ன நொடியில் நானும் குறைத்துவிடுவேன். இதில் உங்கள் தங்கைக்குத்தான் வயிற்றெரிச்சல். "கல்யாணம் ஆனதுலேருந்து மெதுவா போங்க மெதுவா போங்கன்னு கத்துறேன், காதுல ஏறல. எவளோ ஒருத்தி ஒரு வார்த்தை சொன்னா பிரேக்கை மிதிக்கிறீங்க!" என்று இரண்டு நாள் பேசவில்லை.

ஓசியில் தின்கிறவன் என்ற பெயர் நமக்கு எதற்கு என்று நானும் கேமராக்களைச் சேர்க்க ஆரம்பித்தேன். ஆர்வக்கோளாறில் முதலில் சேர்த்தது மளிகைக்கடை வாசலில் திருடனைப் பார்க்க மாட்டியிருந்த கேமரா, அடுத்தது கேமராவே இல்லை, தெருவிளக்கு. சரிபார்க்கும் புண்ணியவான் ஒருவர், "ஐயா, அது ராத்திரியில் எரியும், கவனியுங்கள்" என்று எழுதினார். அப்புறம், கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் குறிக்க வேண்டுமாம், அதற்காகப் பாலத்தடியில் வண்டியை நிறுத்திக் கழுத்து சுளுக்க அண்ணாந்து நின்றேனா, போலீஸ்காரர் வந்துவிட்டார். "என்ன சார் பாக்குறீங்க?" "இது எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாக்குறேன் சார்." "உங்களைத்தான் பாக்குது. நிறுத்தக் கூடாத இடம், வண்டியை எடுங்க." சரி, ஓடுகிற வண்டியிலிருந்தே படம் எடுக்கலாம் என்று உங்கள் தங்கையிடம் போனைக் கொடுத்தால், அவளுடைய கட்டைவிரல் மட்டும் துல்லியமாக விழுந்தது. அதையும் அவசரத்தில் ஏற்றிவிட்டேன். ஆனாலும் விடவில்லை மச்சான். இன்று என் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக், 'நம்பகமானவர்' என்று பட்டம். உங்கள் வீட்டில் எவராவது எனக்கு அந்தப் பட்டம் கொடுத்ததுண்டா?

இனிதான் உச்சகட்டம். எங்கள் தெரு முனை வளைவில் வண்டிகள் பறக்கும். பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் கேட்டை ரொட்டி வேன் இடித்துத் தள்ளியது. கேமரா வையுங்கள் என்று சாலை அலுவலகத்துக்கு மனு போட்டு மனு போட்டுக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது: கேமரா இருக்கும் இடத்தைச் சொல்வது சேவை என்றால், இருக்க வேண்டிய இடத்தைச் சொல்வது அதைவிடப் பெரிய சேவை இல்லையா? பறவைகள் கூடு கட்டும் மரப்பெட்டி ஒன்றுக்குச் சாம்பல் வர்ணம் அடித்துக் கம்பத்தில் ஏற்றி, படம் எடுத்துச் சேர்த்துவிட்டேன். இன்னொருவர் உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. டாக்டர் செய்தார். அடுத்தவர் வாயைத் திறந்தே பழகிய மனுஷன், தன் வாயைத் திறக்கவே இல்லை. நடுவில் ஒரு மைனா உள்ளே குடியேறி, "இந்தக் கேமராவுக்கு வால் இருக்கிறதே" என்று எவனோ ஆட்சேபம் எழுப்ப, "புது மாடல்" என்று டாக்டரே பதில் போட்டுச் சமாளித்தார். இப்போது வந்து பாருங்கள், அதே ரொட்டி வேன் புது மருமகள் மாதிரி அடக்க ஒடுக்கமாகப் போகிறது. பிள்ளைகள் பயமில்லாமல் சைக்கிள் விடுகிறார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆகவே மச்சான், உங்கள் ஜோசியம் மண்ணைக் கவ்வியது, சாவி என் பாக்கெட்டில். அடுத்த மாதம் நீங்கள் வரும்போது ஸ்டேஷனுக்கு நானே ஓட்டிக்கொண்டு வந்து அழைத்துப் போவேன். உங்கள் வீட்டு அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் நூறு வயது வாழட்டும், நிதானமாக.

இப்படிக்கு,
வெற்றிக் களிப்பிலிருக்கும் உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற நேரம் பார்த்துத் தபால்காரர் வந்தார். சாலை அலுவலகத்து நோட்டீஸ், கூடவே என் மனுக்களுக்குப் பதில் கடிதம். அவர்களும் அந்தத் தரவுத்தளத்தைப் பார்ப்பார்களாம். தாங்கள் வைக்காத கேமரா ஒரு தெருவையே திருத்தியிருக்கிறதே என்று அசந்துபோய், மைனாவைப் பெட்டியோடு பக்கத்து மரத்துக்கு மாற்றிவிட்டு, அதே கம்பத்தில் நிஜக் கேமராவை மாட்டியிருக்கிறார்கள். நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் வைத்ததை நானே எதற்குப் பார்ப்பது? தெருவில் எல்லோரும் மெதுவாகத்தான் போனார்கள். அங்கே கேமரா கிடையாது என்ற தைரியத்தில் பறந்தவன் நான் ஒருவன்தான். அந்தப் பெண் குரலும் எச்சரித்தது மச்சான். "போம்மா, உனக்கே கதை விட்டவன் நான்" என்று சிரித்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். நோட்டீஸில் இருக்கும் போட்டோவில் அந்தச் சிரிப்பு முழுசாக விழுந்திருக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு, "கீழ்க் கடைவாயில ஒரு சொத்தை தெரியுது, வந்து காட்டுங்க" என்றார். உங்கள் தங்கை கையை மட்டும் நீட்டினாள். கொடுத்துவிட்டேன். தபாலாபீசுக்கு இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். நிதானமாகத்தான் ஓட்டுகிறாள் மச்சான், பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் பின்குறிப்பு முழுவதையும் ஓர் எழுத்துக் கோணாமல் எழுத முடிகிறது.