சோடா செய்த பாவம்

மூச்சு மகான் ஊருக்குள் வந்த மூன்றாம் வாரமே, மக்களுக்குத் தங்கள் பாவத்தைக் கண்ணால் பார்க்கும் பாக்கியம் கிடைத்துவிட்டது. அதுவரை அடுத்தவர் பாவம் மட்டும்தான் தெரிந்துகொண்டிருந்தது.

காணிக்கை வைத்தால் ஒரு பாட்டில் கடல்நீர் கிடைக்கும். நீல நிறம். குழாய் வைத்து ஊத ஊத மஞ்சளாகும். "உள்ளே இருந்த பாவம் வெளியே வந்துடுச்சு!" என்பார் மகான். வீட்டில் வைத்து அவர் பெயரைத் தினம் நூறுமுறை சொன்னால் ஒரே வாரத்தில் மறுபடி நீலம். எடைக்கல்லில் கைவைக்கும் மளிகைக்காரரின் பாட்டில்கூட நீலமானது.

தையற்காரியின் பாட்டில் மட்டும் நீலமாகவில்லை. நாளுக்கு நாள் மஞ்சள் கூடியது. சேதி பரவியதும், அளவு கொடுத்தவர்கள்கூடத் துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள். படிக்கட்டுக்கு அடியில், ஜன்னலில்லாத அந்தக் கடையில் தனியே உட்கார்ந்து, தான் செய்த பாவத்தைத் தேடித் தேடி எட்டாம் வகுப்பில் திருடிய பென்சில்வரை போய்விட்டாள்.

அவள் நாத்தனார் வந்தாள். துறைமுகத்தில் கடல்நீரைச் சோதிக்கும் வேலை.

"அண்ணி, பாட்டில எங்க வெச்சிருக்கீங்க?"

"மெஷினுக்குப் பின்னாடி. யாரு கண்ணும் படாம."

"வெயிலும் படாம! மொட்டை மாடியில வைங்க. பேரு சொல்றத நிறுத்திட்டு, மூணு வேளையும் அந்த ஆளைத் திட்டுங்க."

"ஐயோ, திட்டறதா?"

"எங்கண்ணனைத் திட்டுற மாதிரி நெனச்சுக்கோங்க."

அதன்பிறகு வார்த்தைகள் சரளமாக வந்தன.

அடுத்த ஞாயிறு, சபை நடுவில் நீல பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள் தையற்காரி. மகான் கண்ணை மூடி, "எல்லாம் நம்ம அருள்" என்றார். கைதட்டல்.

"உங்க பேரே சொல்லலீங்க. ஒரு வாரமா திட்டிக்கிட்டுதான் இருந்தேன். அதுல பாதி இங்க சொல்ல முடியாது."

முன்வரிசையில் யாரோ கனைத்தார். அதற்குள் நாத்தனார், மகானின் மேசையிலிருந்த புது பாட்டிலில், கையோடு வாங்கி வந்திருந்த சோடாவை ஊற்றிவிட்டாள். பளிச்சென்று மஞ்சள்.

"சொல்லுங்க மகானே, இந்த சோடா யாரு குடியைக் கெடுத்துச்சு?"

"அது... சோடா போட்டவனோட பாவம்..."

"யோவ்! நான் இங்கதான்யா உக்காந்திருக்கேன்!" என்று எழுந்தார் சோடாக்கடைக்காரர்.

கூட்டம் சிரித்து அடங்கியதும் நாத்தனார் சொன்னாள்: "சோடாவுல இருக்கற அதே கரியமில வாயுதான் நம்ம மூச்சுலயும் வருது. அது கலந்தா தண்ணி புளிப்பேறும், இவர் போட்ட சாயம் மஞ்சளாகும். கடல்தண்ணியில கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கு. வெயில் பட்டா அந்தக் காத்தைத் தின்னுடும், நீலம் திரும்பிடும். இருட்டுல வெச்சா அதுவும் நம்மள மாதிரி மூச்சுதான் விடும். நாம அடுப்புலயும் வண்டியிலயும் கிளப்புற புகையில ஒரு பங்கை விழுங்கி, ஊரைக் கொஞ்சம் வேகாம வெச்சிருக்கறதுல அதுக்கும் பங்கு இருக்கு. அது பேரை ஒருநாளாவது சொல்லியிருப்பீங்களா?"

அவள் திரும்பிப் பார்த்தபோது மேடை காலி. மகான் பின்வாசல் வழியே பூமியின் பாரத்தைக் குறைத்திருந்தார்.

மறுநாள் படிக்கட்டுக்கு அடியில் வரிசை நின்றது. "எனக்கு அப்பவே சந்தேகந்தாம்மா" என்று முதல் ஆளாகத் துணியை நீட்டினார் மளிகைக்காரர்.

தையற்காரி அளவு நாடாவை அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டு, குறித்துக்கொண்டாள்.

"கழுத்துவரைக்கும் நான் பாத்துக்கறேங்க. அதுக்கு மேல இருக்கறத நீங்கதான் உபயோகிக்கணும்."